எதிக்ஸையும் மொராலிட்டியையும் எப்படி பிரிச்சுப் பாக்கறது, பிரிச்சுப் பாத்து முடிவெடுக்கறது எப்படி

ஒரு விஷயம் சரியா தப்பான்னு நாலு பேர் பேச உக்காந்தா கொஞ்ச நேரத்துலயே ஒருத்தர் "இது மாரலா தப்பு, ஆனா எதிக்கலா ஓகே"ம்பார், இன்னொருத்தர் அப்படியே தலைகீழா சொல்லுவார், அதுக்கு மேல யாரும் அந்த விஷயத்தைப் பத்தி பேசறதில்ல, வார்த்தையைப் புடிச்சு இழுத்துட்டே இருப்பாங்க. இந்த ரெண்டு சொல்லையும் எங்க பிரிக்கணும், எங்க பிரிக்காம விட்டாலும் பரவாயில்ல, ஒரு நிஜமான சிக்கல் வந்து நிக்கறப்போ இந்தப் பிரிவினையை வச்சு என்ன செய்யலாம்னு எனக்குத் தெரிஞ்ச அளவுல எழுதறேன். தத்துவம் படிக்கறவங்களுக்கும் உதவும், படிக்காதவங்களுக்கும் உதவும்.

முதல்ல வேலைக்கு ஆகற மாதிரி ஒரு வரையறை வச்சுக்குவோம். மொராலிட்டின்னா நாம ஏற்கனவே மனசுல வச்சிருக்கற சரி தப்பு நம்பிக்கைகள். பொய் சொல்லக்கூடாது, நம்பினவங்களைக் கைவிடக்கூடாது, எளியவங்களை அடிக்கக்கூடாது, இந்த மாதிரி. வளர்ந்த வீடு, மதம், கூட இருக்கற மனுஷங்க, பட்ட அனுபவம் எல்லாம் சேர்ந்து உருவாகறது, பெரும்பாலும் நாம உக்காந்து யோசிச்சு தேர்ந்தெடுத்தது கிடையாது. எதிக்ஸ்ங்கற சொல் ரெண்டு வேலை பாக்குது, குழப்பம் பூரா இங்கதான் ஆரம்பிக்குது. ஒண்ணு, அந்த நம்பிக்கைகளை வெளிய எடுத்து வச்சு "ஏன்?"னு கேக்கற அறவியல். இன்னொண்ணு, டாக்டர், வக்கீல், ஜர்னலிஸ்ட், ஆராய்ச்சியாளர் மாதிரி ஒரு பொறுப்புல இருக்கறவங்களுக்குன்னு வகுத்து வச்ச நெறிமுறை. முதலாவது கேள்வி கேக்கறது, ரெண்டாவது விதி போடறது. ஒருத்தர் எதிக்ஸ்னு சொன்னா எந்த எதிக்ஸைச் சொல்றார்னு பாத்தாலே பாதி சண்டை தீர்ந்துடும்.

தீர்ப்பா, காரணமா?

இதுதான் முதல் சோதனை. யாராவது ஒரு வாக்கியம் சொன்னா அது தீர்ப்பு சொல்லுதா, தீர்ப்புக்குக் காரணம் தேடுதான்னு பாருங்க. "அப்பா மேல கேஸ் போடறது தப்பு", இது தீர்ப்பு, மொராலிட்டி பேசுது. "குற்றம் பண்ணவர் சொந்தக்காரரா இருந்தா நம்ம கடமை மாறுமா, மாறும்னா எதனால?", இது எதிக்ஸ்.

இந்த உதாரணம் நான் சும்மா எடுத்தது இல்ல. பிளேட்டோ எழுதின யூதிஃப்ரோ உரையாடல்ல வர்ற நிலைமையே இதுதான். யூதிஃப்ரோவோட அப்பா, ஒரு அடிமையைக் கொன்ன கூலியாளைக் கைகாலைக் கட்டி பள்ளத்துல போட்டுட்டு, இவனை என்ன பண்ணலாம்னு கேட்டுட்டு வர ஆள் அனுப்பறார், ஆள் திரும்பி வர்றதுக்குள்ள குளிர்லயும் பசியிலயும் அந்தக் கூலியாள் செத்துடறான். அதுக்காக யூதிஃப்ரோ சொந்த அப்பா மேலயே கொலை வழக்கு போட வர்றார். சொந்தக்காரங்க எல்லாரும் அவர் மேல கோவத்துல இருக்காங்க, அவருக்கோ துளி சந்தேகம் இல்ல, நான் செய்யறதுதான் தெய்வத்துக்குப் பிடிச்ச காரியம்கறார். கோர்ட் வாசல்ல அவரைப் பாக்கற சாக்ரடீஸ், நீ செய்யறது சரின்னோ தப்புன்னோ எதுவும் சொல்லல, புனிதம்னா என்னங்கறதைத்தான் விடாம துரத்தறார், நடுவுல இப்படியும் கேக்கறார்: ஒரு செயல் புனிதமானதுங்கறதால தெய்வங்களுக்குப் பிடிக்குதா, இல்ல தெய்வங்களுக்குப் பிடிச்சதால அது புனிதமாகுதா? புனிதம்னா என்னன்னு கடைசி வரைக்கும் யூதிஃப்ரோவால சொல்ல முடியல, வேலை இருக்குன்னு கிளம்பிடறார்.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா யூதிஃப்ரோவும் ஒழுக்கமான ஆள்தான், அவரைத் திட்டற சொந்தக்காரங்களும் ஒழுக்கமானவங்கதான். ரெண்டு பக்கமும் மொராலிட்டி நிறையவே இருக்கு. இல்லாதது அந்த ரெண்டையும் எதிர் எதிரா வச்சு நிதானமா பாக்கற வேலை, அதைத்தான் சாக்ரடீஸ் செய்யறார்.

ஒரே நம்பிக்கை, வேற வேற காரணம்

அறவியல் எதுக்கு, எனக்கு மனசாட்சி போதுமேன்னு நிறைய பேர் கேக்கறாங்க. நியாயமான கேள்வி, பெரும்பாலான நாள்ல போதும்தான். ஆனா மனசாட்சி "பொய் சொல்லாதே"ன்னு மட்டும்தான் சொல்லும், கோடு எங்க முடியுதுன்னு சொல்லாது, கோடு எங்க முடியுதுங்கறது நீங்க சொல்ற காரணத்தைப் பொறுத்தது.

கொலைகாரன் ஒருத்தன் கதவைத் தட்டி, உள்ள ஒளிஞ்சிருக்கற உங்க நண்பன் எங்கன்னு கேக்கறான்னு வைங்க. 1797ல ஜெர்மன் தத்துவவாதி கான்ட் இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார், அப்பவும் பொய் சொல்லக்கூடாதுன்னு நின்னார். ஏன்னா அவருக்கு உண்மை பேசறது பலனைப் பாத்து செய்யற காரியம் இல்ல, பேச்சு நம்பகமா இருக்கணும்ங்கறது மொத்த மனுஷ குலத்துக்கும் நாம பட்டிருக்கற கடமை. பலனை வச்சு சரி தப்பு பாக்கற பெந்தாம், மில் வழியில வர்றவங்களைக் கேட்டா, எதால துன்பம் குறையுமோ அதைச் செய், இங்க பொய் சொன்னா ஒரு உயிர் பிழைக்குது, இதுல யோசிக்க ஒண்ணும் இல்லம்பாங்க. அரிஸ்டாட்டில் வழியில போறவங்க, உண்மையும் கருணையும் துணிவும் ஒண்ணா இருக்கற ஒரு ஆள் அந்த வாசப்படியில என்ன செய்வாரோ அதைப் பாருன்னு சொல்லுவாங்க. நம்ம வள்ளுவர் வாய்மை அதிகாரத்துலயே, குத்தமில்லாத நன்மை வரும்னா பொய்யும் வாய்மையோட இடத்துல வைக்கத் தக்கதுன்னு சொல்லிட்டார், 292வது குறள். கான்ட் ஒத்துக்கவே மாட்டார். எல்லாருக்கும் பொய் கெட்டதுங்கற ஒழுக்கம் ஒண்ணுதான், ஏன் கெட்டதுங்கறதுல பிரியறாங்க, அதனால கதவுக்கிட்ட வேற வேற மாதிரி நடந்துக்கறாங்க.

அதனால உங்க நம்பிக்கை ஒண்ணை எடுத்துக்கிட்டு, இது ஏன் தப்புன்னு ஒரே வரியில எழுதிப் பாருங்க. அந்தக் காரணம் இல்லாத ஒரு சூழ்நிலையை கற்பனை பண்ணிட்டு, அப்பவும் தப்புன்னு தோணுதான்னு கேளுங்க. "பொய் சொன்னா மத்தவங்களுக்குக் கெடுதல்"னு எழுதியிருந்தீங்கன்னா, யாருக்கும் கெடுதல் இல்லாத ஒரு பொய்யை நினைச்சுப் பாருங்க, சாகக் கிடக்கறவர்கிட்ட சொல்ற ஆறுதல் பொய் மாதிரி. அப்பவும் உறுத்துச்சுன்னா உங்க உண்மையான காரணம் வேற, இன்னும் தோண்டணும். வேலை இவ்வளவுதான், ஆனா கஷ்டமான வேலை.

புத்தகத்துல படிக்கறப்போ

இணையத்துல எங்க தேடினாலும் "மொராலிட்டி தனிமனுஷனுக்கு, எதிக்ஸ் சமூகத்துக்கு"ன்னு ஒரு வரி கிடைக்கும். அன்றாடப் பேச்சுக்கு ஓரளவு சரி, ஆனா அதை அப்படியே தூக்கிட்டு தத்துவ நூலுக்குள்ள போனா மாட்டிக்குவீங்க. நிறைய தத்துவவாதிகள் ரெண்டு சொல்லையும் ஒரே அர்த்தத்துலதான் எழுதறாங்க, வித்தியாசமே பாக்கறதில்ல. பாக்கறவங்களும் ஆளுக்கு ஒரு பக்கம் பாக்கறாங்க. 1821னு தேதி போட்டு வந்த சட்டத் தத்துவ நூல்ல ஹெகல், தனி ஆளோட மனசாட்சியில நிக்கற ஒழுக்கத்தை ஒரு பக்கமும், குடும்பம், சமூகம், அரசுன்னு வாழ்க்கையில ஊறிப்போன அறத்தை இன்னொரு பக்கமும் வைக்கறார், முதலாவது தனியா நின்னா வெத்தா போயிடும்கறது அவர் வாதம். ரொனால்ட் டுவொர்கின் 2011ல எழுதின நூல்ல கிட்டத்தட்ட தலைகீழ்: நான் எப்படி நல்லா வாழணும்ங்கறது எதிக்ஸ், அடுத்தவங்களை நான் எப்படி நடத்தணும்ங்கறது மொராலிட்டி. பெர்னார்ட் வில்லியம்ஸ் 1985ல இன்னும் ஒரு படி மேல போய், எப்படி வாழறதுங்கற பெரிய கேள்விதான் எதிக்ஸ், கடமை, கட்டாயம், குத்தம்னு பேசற மொராலிட்டி அதுக்குள்ள இருக்கற ஒரு குறுகலான அமைப்பு மட்டும்தான், அதைத் தலையில தூக்கி வச்சுக்கத் தேவையில்லன்னு சொன்னார். எனக்கு வில்லியம்ஸ் சொல்றது ரொம்பப் பிடிக்கும், நல்ல வாழ்க்கைங்கறதை வெறும் தப்பு பண்ணாத வாழ்க்கையா சுருக்கிடக்கூடாதுன்னு அவர் பிடிவாதமா நிக்கறார்.

ஆக வழி இதுதான்: யாரை எடுத்துப் படிச்சாலும் முதல் சில பக்கத்துல அவர் இந்த ரெண்டு சொல்லை எப்படி வச்சிருக்கார்னு பாத்து ஓரத்துல குறிச்சுக்குங்க, மத்தவங்க வரையறையை அவர் மேல ஏத்தாதீங்க.

நெறிமுறையும் மனசாட்சியும் மோதறப்போ

நிஜ வாழ்க்கையில இந்தப் பிரிவினை ரொம்ப கூர்மையா தெரியறது தொழில் நெறிமுறைலதான். 1973ல அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்துல ராபர்ட் கேரோன்னு ஒருத்தர் கொலை வழக்குல பிடிபட்டார். ஃபிராங்க் ஆர்மானி, ஃபிரான்சிஸ் பெல்ஜ்னு ரெண்டு வக்கீல் அவருக்காக ஆஜரானாங்க. அவங்ககிட்ட பேசறப்போ கேரோ, இன்னும் ரெண்டு பொண்ணுங்களைக் கொன்னு எங்க போட்டேன்னு சொல்லிட்டார். வக்கீல்கள் தேடிப் போய் உடல்களைப் பாத்தாங்க, போட்டோ எடுத்தாங்க, வெளிய யார்கிட்டயும் சொல்லல. காணாமப் போன பொண்ணோட அப்பா நேர்ல வந்து ஏதாவது தெரியுமான்னு கேட்டப்பவும் சொல்லல. கட்சிக்காரர் நம்பிச் சொன்ன ரகசியத்தைக் காப்பாத்தறது அவங்க தொழிலோட அடிப்படை விதி. அடுத்த வருஷம் விசாரணையில கேரோவே சாட்சிக் கூண்டுல ஒத்துக்கிட்ட அப்புறம்தான் விஷயம் வெளிய வந்தது. ஊரே கொதிச்சுப் போச்சு. பெல்ஜ் மேல, முறையான அடக்கம் பண்றதைத் தடுத்த மாதிரியான சுகாதாரச் சட்டக் குற்றச்சாட்டு வந்து, கோர்ட் அதைத் தள்ளுபடி பண்ணுச்சு. ஆர்மானிக்கு மிரட்டல் வந்தது, தொழிலும் அடிபட்டது.

அந்த அப்பாவை நினைச்சுப் பாருங்க, எதிர்ல உக்காந்திருக்கறவருக்கு பதில் தெரியும், வாயைத் திறக்கல. நம்ம ஒழுக்க உணர்வு உடனே இது கொடுமைன்னு சொல்லும், அந்த உணர்வு பொய் இல்ல. ஆனா எதிக்ஸ் கேக்கற கேள்வி வேற: வக்கீல்கள் தங்களுக்கு மனசு கேக்கலன்னு கட்சிக்காரர் சொன்னதை வெளிய சொல்லலாம்னு ஆயிட்டா, நாளைக்கு குற்றம் சாட்டப்பட்ட யார் தன் வக்கீல்கிட்ட உண்மையைச் சொல்லுவாங்க, குத்தமே பண்ணாதவங்களுக்கும் அந்தப் பாதுகாப்பு போயிடாதா? என் கருத்து, அவங்க பேசாம இருந்தது சரி, ஏன்னா அந்த ரெண்டு பேரும் ஏற்கனவே இறந்துட்டாங்க, பேசினா உயிர் எதுவும் திரும்பாது. உயிரோட இருந்து காப்பாத்த முடியும்னா கணக்கே மாறிடும், அமெரிக்க வக்கீல் சங்கத்தோட மாதிரி விதிகளும் 2002ல இருந்து, நிச்சயமா நடக்கப் போற ஒரு சாவைத் தடுக்கணும்னா ரகசியத்தை வெளிய சொல்லலாம்னு இடம் கொடுக்குது. அந்த அப்பாவோட வலிக்கு இதெல்லாம் பதில் ஆகாதுங்கறதும் உண்மை.

இதைப் படிச்சுட்டு நெறிமுறைதான் மேலன்னு யாரும் எடுத்துக்கக் கூடாதுங்கறதுக்காக எதிர்ப்பக்கத்தையும் சொல்லணும். அலபாமாவுல டஸ்கீகியில 1932ல இருந்து 1972 வரைக்கும் அமெரிக்க பொதுச் சுகாதாரத் துறை சுமார் 600 கருப்பின ஆண்களை வச்சு ஒரு ஆராய்ச்சி நடத்துச்சு, அதுல 399 பேருக்கு சிஃபிலிஸ்ங்கற பாலியல் நோய் இருந்தது. அவங்களுக்கு என்ன நோய்னு சரியா சொல்லல, 1947 வாக்குல பென்சிலின் வழக்கமான சிகிச்சையா வந்த அப்புறமும் கொடுக்கல, நோய் எப்படி வளருதுன்னு பாத்துட்டே இருந்தாங்க. அதே 1947லதான் ஆராய்ச்சிக்கு உட்படறவரோட சம்மதம் கட்டாயம்னு, நாஜி டாக்டர்கள் மேல நடந்த வழக்கோட தீர்ப்புல நியூரம்பெர்க் நெறிமுறை வந்தது. எழுத்துல விதி இருந்தும் அங்க யாரும் அதைத் தங்களுக்கானதா எடுத்துக்கல. அந்தத் துறையில வேலை பாத்த பீட்டர் பக்ஸ்டன் 1966ல மேலிடத்துக்கு எழுதினார், நடக்கல, கடைசியில 1972ல பத்திரிகைக்குக் கொடுத்த அப்புறம்தான் நின்னது. ஒரு தனி ஆளோட மனசு இது தப்புன்னு சொன்னதுலதான் ஆரம்பிச்சுது. அதுக்கு அப்புறம் 1974ல தேசிய ஆராய்ச்சிச் சட்டம், 1979ல பெல்மான்ட் அறிக்கைன்னு இன்னைக்கு மருத்துவ ஆராய்ச்சில கடைப்பிடிக்கற விதிகள் வந்துச்சு. நெறிமுறை வானத்துல இருந்து விழறதில்ல, யாரோட மனசாட்சியோ உறுத்தினதுதான் பின்னாடி விதியா எழுதப்படுது, அதனால விதியை மனசாட்சி கேள்வி கேக்கணும், மனசாட்சியை அறவியல் கேள்வி கேக்கணும், ரெண்டுல எதையும் ராஜாவா உக்கார வைக்க முடியாது.

நமக்கு வந்தா எப்படி செய்யறது

பெரிய வழக்கு வேண்டாம், ஆபீஸ்ல நடக்கறதை எடுப்போம். நீங்க மேனேஜர். அடுத்த மாசம் வேலையை விட்டு எடுக்கப் போறவங்க லிஸ்ட் உங்க கையில இருக்கு, வெளிய சொல்ல மாட்டேன்னு ஒத்துக்கிட்டு வாங்கினது. அந்த லிஸ்ட்ல இருக்கற ஒருத்தர் உங்க நெருங்கின நண்பர், மத்தியானம் வந்து "வீடு பாத்துட்டேன், வெள்ளிக்கிழமை லோன்ல கையெழுத்து போடறேன்"னு சந்தோஷமா சொல்றார்.

ஒரு பேப்பர் எடுத்து சட்டம், பொறுப்பு, மனசு மூணையும் தனித்தனியா எழுதுங்க, கலக்காதீங்க. சட்டம் என்ன சொல்லுதுன்னு தனியா விசாரிச்சுக்கலாம், ஆனா சட்டப்படி சரின்னு எழுதினதோட நிறுத்தினா எதிக்ஸ் பக்கமே போகலன்னு அர்த்தம். பொறுப்பு: ரகசியம் காப்பேன்னு வாக்கு கொடுத்திருக்கீங்க, லிஸ்ட்ல இன்னும் பல பேர் இருக்காங்க. மனசு: நண்பன் கடன்ல விழறதைப் பாத்துட்டு சும்மா இருக்கறது துரோகம்.

அடுத்து ஒவ்வொண்ணுக்கும் ஏன்னு கேளுங்க. ரகசியம் ஏன்? முடிவு மாறலாம், அரைகுறையா பரவினா எல்லாரும் பீதியாவாங்க, ஒருத்தருக்கு மட்டும் முன்கூட்டி தெரியறது மத்தவங்களுக்கு அநியாயம். நட்புக் கடமை ஏன்? நான் பேசாததால அவருக்கு பெரிய நஷ்டம் வரும், அதைத் தடுக்க என்னால முடியும். இப்படி எழுதினதும் ஒண்ணு புரியும், அந்த ரகசியத்தோட காரணம் எதுவும் "அவர் கடன்ல விழட்டும்"னு சொல்லல. லிஸ்ட்டை சொல்லாமலே நஷ்டத்தைத் தடுக்க வழி இருக்கான்னு தேட இடம் கிடைக்குது. அன்னைக்கே மேலிடத்துக்குப் போய், இந்த மாதிரி பெரிய பண முடிவுல ஒருத்தர் நிக்கறார், லிஸ்ட்ல இருக்கற எல்லாருக்கும் அறிவிப்பை வியாழனுக்குள்ள கொடுங்கன்னு கேக்கலாம், இல்ல அவருக்கு மட்டும் முறைப்படி முன்னாடியே சொல்ல அனுமதி கேக்கலாம். இதுதான் முதல்ல செய்ய வேண்டியது, நிறைய பேர் இதைச் செய்யறதே இல்ல, சொல்றதா வேண்டாமான்னு தனக்குள்ளயே போராடிட்டு நேரத்தை விட்டுடறாங்க.

செய்யக்கூடாததுன்னு நான் நினைக்கறது ஜாடை காட்டறது. "யோசிச்சு எடுப்பா"ன்னு ஒரு மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு சொல்றது. அதுல வாக்கையும் மீறியாச்சு, மீறலன்னு நாளைக்குச் சொல்லிக்க வழியும் வச்சாச்சு, நண்பருக்கும் தெளிவா எதுவும் கிடைக்கல. இதுக்கு ஒரு நல்ல சோதனை கான்ட் 1795ல நிரந்தர அமைதி பத்தின நூல்ல வச்சார்: அடுத்தவங்க உரிமையைத் தொடற ஒரு செயலோட நோக்கத்தை வெளிய அறிவிச்சா செய்யவே முடியாதுன்னா அந்தச் செயல் அநியாயம். ஜாடை காட்டினதை லிஸ்ட்ல இருக்கற மத்தவங்க முன்னாடி சொல்ல முடியுமா? முடியாது. லோன் எடுக்கப் போறேன்னு சொல்ற யார்கிட்டயும், லிஸ்ட்ல இருந்தாலும் இல்லாட்டியும், "கையெழுத்துக்கு முன்னாடி என் வேலை நிலைமை என்னன்னு எழுத்துல கேட்டு வாங்கு"ன்னு நீங்க எப்பவும் சொல்ற ஆளா இருந்தா அதை அவர்கிட்டயும் சொல்லலாம். இப்ப திடீர்னு அவருக்கு மட்டும் சொன்னா அதுவும் ஜாடைதான்.

மேலிடம் எதுக்கும் ஒத்துக்கல, வெள்ளிக்கிழமை வந்துடுச்சுன்னா? இங்க நேர்மையான ஆளுங்க ரெண்டு பக்கமும் போவாங்க. வாக்கு பெருசுன்னு நிக்கறவரை நான் குறை சொல்ல மாட்டேன். நான் சொல்லிடுவேன், ஆனா ஒளிஞ்சு இல்ல, மேலிடத்துக்கிட்ட "நான் அவர்கிட்ட சொல்லப் போறேன், அதோட விளைவை ஏத்துக்கறேன்"னு முதல்லயே தெரிவிச்சுட்டு. வாக்கை மீறறவர் அதோட விலையை தானே கொடுக்கணும், இல்லன்னா அது மனசாட்சிங்கற பேர்ல நடக்கற சலுகை.

இந்த மாதிரி நேரத்துல சறுக்கற இடம் ஒண்ணு ரெண்டு சொல்லிடறேன். "எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க"ங்கறது எப்படி நடக்குதுன்னு சொல்லுது, எப்படி நடக்கணும்னு சொல்லல, இந்தத் தாவலை தத்துவவாதி ஹ்யூம் 1739-40லயே சுட்டிக்காட்டிட்டார். "இது என் மாரல், இதுல பேச ஒண்ணும் இல்ல"ங்கறதும் ஆகாது, அந்த முடிவால பாதிக்கப்படறது இன்னொருத்தர்னா அவருக்குக் காரணம் கேக்க உரிமை இருக்கு.

பேசாம இருக்கறதுன்னு முடிவெடுத்தீங்கன்னா அதோட வேலை முடியல. வில்லியம்ஸ் இதைத் திரும்பத் திரும்ப சொல்லுவார், ரெண்டு கடமை மோதி ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா விட்டுப்போன கடமை காணாமப் போயிடாது, அந்தக் கடன் நம்ம மேல அப்படியே நிக்கும். அதனால லிஸ்ட் வெளிய வந்த அன்னைக்கு, அவர் வேற யார் மூலமாவோ கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நீங்களே போய் "எனக்கு முன்னாடியே தெரியும், சொல்ல மாட்டேன்னு வாக்கு கொடுத்திருந்தேன், இவங்ககிட்ட இப்படிக் கேட்டுப் பாத்தேன், நடக்கல"ன்னு சொல்லுங்க. அவர் கத்தினா கத்தட்டும், அங்க விதியை எடுத்துக் காட்டி வாதாடாதீங்க. லோன் விஷயத்துல பேங்க்ல பேசறதுக்கு, அடுத்த வேலை தேடறதுக்கு உங்களால என்ன செய்ய முடியுமோ அதை அன்னைக்கே ஆரம்பிங்க.